உளவுத்துறைத் தலைவராக நான் இருந்த ஒரு மத்தியானம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருஷமாக யோசித்துவிட்டேன். இந்தத் தொடரில் என் மோட்டார் வைண்டிங் கடையைப் பற்றி எழுதினேன். கிருத்திகை விரதம் பிடித்த கதையை எழுதினேன். குற்றாலம் மெயினருவியில் செருப்பைத் தொலைத்ததைக்கூட ஒரு வாரம் முழுக்க எழுதினேன். இந்த ஒன்றை மட்டும் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். நான் பத்தாவது வரைதான் படித்தவன். தப்பாக எழுதிவிட்டால் பிறகு திருத்த முடியாதே என்கிற பயம். முருகன் துணையிருக்க, இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

அது ஒரு ஆடி மாதம். சாரல் விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. தென்காசி பக்கத்து மேலகரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். நடுவில் ஒரு எவர்சில்வர் தட்டு. தட்டில் முறுக்கோ மிக்சரோ இல்லை, நெல்லிக்காய் அளவில் பச்சைக் கலரில் ஒரு பகடைக்காய் இருந்தது. எண்ணிப் பார்த்தேன், இருபது முகம்.

"அப்பா, சும்மா உக்காருங்க. ஆளு ஒண்ணு கொறையுது" என்றாள் என் மகள்.

அருவியில் தடை

மகள் பெயர் உலகம்மாள். தென்காசிக் கோயில் அம்மன் பெயர்தான். எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பேருக்கு அந்தப் பெயர் இருக்கும். வீட்டில் உலகு என்று கூப்பிடுவோம். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை.

அவள் அம்மா கோமதி காலமாகி அது இரண்டாவது வருஷம். திதி கொடுக்க உலகு வந்திருந்தாள். கூடவே ஆபீஸ் சிநேகிதர்கள் இரண்டு பேர். ஃபாத்திமா, மெட்ராஸ் பிள்ளை. பிரவீன், கோயம்புத்தூர்க்காரன். திதி முடிந்து மறுநாள் குற்றாலம் போகிற திட்டம். ராத்திரி மலையில் நல்ல மழை. காலையில் போய்ப் பார்த்தால் எல்லா அருவியிலும் வெள்ளம், குளிக்கத் தடை. போலீஸ் கயிறு கட்டி நிற்கிறது. துண்டும் சோப்பும் நனையாமல் திரும்பி வந்தார்கள்.

மத்தியானம் சாப்பிட்ட பிறகு அந்த விளையாட்டை எடுத்தார்கள். பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆடுவார்களாம்.

எனக்கு விளங்கியபடி சொல்கிறேன். கட்டம் கிடையாது, காய் கிடையாது. ஒருத்தர் கதை நடத்துவார், அன்றைக்கு அது உலகு. மற்றவர்கள் அந்தக் கதையில் சக்தி படைத்த வீரர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தாள். பெயர், சக்தி, பலவீனம் எல்லாம் அதில் எழுதியிருக்கும். "நான் சுவரைத் தாண்டிப் போறேன்" என்று சொல்லிவிட்டு பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் தாண்டினதாகக் கணக்கு. சின்ன எண் விழுந்தால் சுவரில் முட்டிக்கொண்டதாகக் கணக்கு.

ஃபாத்திமா ஆடினது நிலா என்கிற பெண். சுவருக்குள் புகுந்து போகிறவள். பிரவீன் ஆடினது மலையைத் தூக்குகிற ஒரு ராட்சதன். அவனுக்குப் பலவீனம் தண்ணீர்ப் பயம். "அதனாலதான் அருவி அடைச்சதுக்கு நீ சந்தோஷப்பட்டே" என்று ஃபாத்திமா கேலி செய்தாள்.

"எனக்கு என்னம்மா சக்தி?" என்று கேட்டேன். பறக்கிற சக்தி கிடைக்கும் என்று ஒரு நப்பாசை.

"உங்களுக்குச் சக்தி கெடையாதுப்பா. நீங்கதான் உளவுத்துறைத் தலைவர்."

அந்தத் துறையின் வேலை

இந்த மாதிரிக் கதைகளில் உளவுத்துறை என்று ஒன்று கண்டிப்பாக இருக்குமாம். வீரர்களுக்கு வேலை கொடுப்பது அவர்கள்தான். எங்கே ஆபத்து என்று முதலில் தெரிவதும் அவர்களுக்குத்தான். அதோடு வீரர்களையே கண்காணிப்பார்கள். யாருக்கு என்ன சக்தி, எங்கே அடித்தால் விழுவான் என்று ஆளுக்கொரு ஃபைல் வைத்திருப்பார்கள்.

"எல்லாம் தெரியுங்க அங்கிள். ஆனா எதையும் முழுசாச் சொல்ல மாட்டாங்க" என்றான் பிரவீன். "அவங்களை நம்பவும் முடியாது, அவங்க இல்லாம வேலையும் நடக்காதுங்க."

சரி, ஃபைல் போடலாம் என்று தாளையும் பென்சிலையும் எடுத்தேன். ராட்சதனிடம் கேட்டேன்.

"தம்பி, உங்களுக்கு எந்த ஊரு? தகப்பனார் பேரு?"

"அங்கிள், நான் வேற கிரகத்துல இருந்து வந்தவனுங்க."

"இருக்கட்டும். அங்கன யாரு வீடு? குலதெய்வம் எது?"

மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உலகு சிரித்து நான் பார்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சிரித்துக்கொண்டே, "எப்பா, எழுதிக்கிடுங்க. குலதெய்வம் விண்கல் சாஸ்தா" என்றாள்.

அதையும் எழுதினேன்.

என் தாளில் பெயர் இருந்தது. சக்தி என்கிற இடத்தில் 'இல்லை' என்று போட்டிருந்தது. பலவீனம் என்கிற இடம் காலி. "இதுல என்னம்மா எழுத?" என்றேன். "ஆடிக்கிட்டே இருங்க, தானாத் தெரியும்" என்றாள்.

முதல்முறை பகடை என் கைக்கு வந்தபோது கண்ணில் ஒற்றி, "முருகா" என்று சொல்லி உருட்டினேன். பதினெட்டு. பிரவீனுக்கு அதுவரை விழுந்ததெல்லாம் மூன்றும் ஐந்தும். அடுத்த முறை அவனும் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பத்தொன்பது விழுந்தது. அப்புறம் ஃபாத்திமாவும் உதட்டுக்குள் ஏதோ ஓதிவிட்டுத்தான் உருட்டினாள்.

தலைவர் எப்படிச் சேதி அனுப்புவார் என்றும் பிரவீன்தான் சொல்லிக் கொடுத்தான். உளவுத்துறையில் நேரில் பார்த்துப் பேசக் கூடாதாம். ஆள் நடமாட்டம் உள்ள ஒரு பொது இடத்தில் வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். எடுக்க வேண்டிய ஆள் வந்து எடுத்துக்கொள்வார். நடுவில் கைமாற்றுகிறவர்கள் இருந்தால், உள்ளதை உள்ளபடி கொடுக்க வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் காரியம் கெட்டுப்போகும்.

"எங்கே வைக்கிறீங்க அங்கிள்?"

"குறும்பலா மரத்தடியில வச்சிருதேன்" என்றேன். குற்றாலநாதர் கோயில் பலாமரத்தைத் தவிர எனக்கு வேறு இடம் தோன்றவில்லை. அதனால் ஏதோ ஒரு நாட்டில், கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவில், எங்கள் பலாமரம் ஒன்று முளைத்தது.

கோமதி கேட்ட சத்தியம்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து நடந்தது உங்களுக்குப் புரியாது.

கோமதி வாத்தியார் டிரெயினிங் படித்தவள். முடிக்கவில்லை. பாதியில் அவள் அம்மா படுத்துவிட, பார்த்துக்கொள்ள வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவே இல்லை. யாரும் போகச் சொல்லவும் இல்லை. அந்த ஆற்றாமை அவளுக்குக் கடைசிவரை இருந்தது. டிரெயினிங்கில் போட்ட சார்ட் ஒன்றைப் பீரோவுக்கு மேல் சுருட்டியே வைத்திருந்தாள்.

உலகுவுக்கு இரண்டு வருஷம் அலைந்து பெங்களூர் வேலை கிடைத்தது. முதல் ஆறு மாதம் சோதனைக் காலம். அதில் லீவு எடுத்தால் வேலை நிலைக்காது. அவள் போன இரண்டாம் மாதம்தான் கோமதிக்கு வயிற்றில் கட்டி என்று திருநெல்வேலியில் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பண்பொழித் திருமலைக் குமாரசாமி விபூதியை உள்ளங்கையில் கொட்டி என் முன்னால் நீட்டினாள். காலை நேரம், அடுப்பில் பால் பொங்கி வழிந்த வாடை. அவள் அதைத் துடைக்கக்கூடப் போகவில்லை.

"உலகுகிட்டச் சொல்லிராதிய. ஆறு மாசம் முடியட்டும்."

"எப்படிட்டி சொல்லாம இருக்க? நாளைக்கி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டுன்னா?"

"சொன்னா வந்துருவா. வந்தா போக மாட்டா. என் மூத்திரச் சட்டிய எடுத்துக்கிட்டு இங்கனயே கெடப்பா. என்னய மாதிரி."

நான் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன்.

"இன்னொண்ணு. நான்தான் சொல்ல வேண்டாம்னேன்னு அவளுக்கு என்னைக்கும் தெரியக் கூடாது."

"அது ஏன்?"

"கோவம் வரும்லா. செத்தவளத் திட்டிட்டு அவ எங்க போயி சமாதானம் ஆவா? ஒங்களத் திட்டட்டும். நீங்க இருப்பிய. இன்னைக்கு இல்லாட்டாலும் ஒருநாள் ராசி ஆயிக்கிடலாம்."

அந்த விபூதியைத் தொட்டுச் சத்தியம் செய்தேன். வீட்டில் ஒருவருக்கு மாரடைப்பு வந்ததைக்கூட, பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும் என்று மூடி மறைக்கிறவர்கள்தான் எங்கள் பக்கத்து ஆட்கள். நான் செய்தது ஊரில் யாருக்கும் புதுசாகத் தோன்றவில்லை.

காலம் இருக்கிறது என்றுதான் டாக்டர் சொன்னார். இல்லை. ஐந்தாம் மாதம் திடீரென்று மோசமாகி, நான் போன் போட்டு, உலகு பஸ் பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரி கேட்டில், தோளில் பையைக் கழற்றாமல் நின்று கேட்டாள்.

"எப்ப இருந்துப்பா?"

"மூணு மாசமா."

"ஏன் சொல்லல?"

"நீ எடுத்த வேலைய முடிக்கணும்லா, தாயி" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் மரியாதையாகத்தான் பேசினாள். அதுதான் தாங்க முடியவில்லை.

மடித்த தாள்

இனி அந்த மத்தியானத்துக்கு வருகிறேன்.

வில்லன் ஆட்கள் அணைக்கு வெடி வைத்திருக்கிறார்கள். நிலாவும் ராட்சதனும் போய் அதை எடுக்க வேண்டும். அவர்கள் கிளம்புகிற நேரத்தில் உலகு ஒரு தாளை மடித்து என்னிடம் மட்டும் நீட்டினாள். பிரித்துப் படித்தேன்.

'நிலாவின் அம்மா எதிரியின் கட்டடத்தில் அடைபட்டிருக்கிறாள். சொன்னால் நிலா அணையை விட்டுவிட்டு அங்கே ஓடிவிடுவாள். சொல்வதும் சொல்லாததும் தலைவர் இஷ்டம்.'

வேண்டுமென்றே எழுதினாளா, கதைக்காக எழுதினாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவளைப் பார்த்தேன். அவள் பகடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தலைவராக யோசித்தேன். அணை உடைந்தால் ஊரே போகும். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். "கெளம்புங்க. சாப்பிட்டுட்டுப் போங்க" என்றேன்.

அணையைக் காப்பாற்றிவிட்டார்கள். அதற்குள் அந்தக் கட்டடம் நிலாவின் அம்மாவோடு இடிந்துவிட்டது. உலகு கதையைச் சொல்லச் சொல்ல ஃபாத்திமா முகம் மாறியது. நிலாவாகவே நிமிர்ந்து உட்கார்ந்து என்னைக் கேட்டாள்.

"எங்க அம்மா அங்க இருந்தது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

சத்தியமாக நான் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் அதுதான் வந்தது.

"நீ எடுத்த வேலைய முடிக்கணும்லா, தாயி."

தாளில் ஏதோ குறித்துக்கொண்டிருந்த உலகு கை நின்றுவிட்டது. மற்ற இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது. பிரவீன், "செம டயலாக்ங்க அங்கிள்" என்றான்.

ஃபாத்திமா விடவில்லை. "இந்தக் கதைங்கள்ல தலைவரே முடிவெடுக்க மாட்டார். அவருக்கு மேல ஒருத்தங்க எப்பவும் இருப்பாங்க. சொல்லுங்க அங்கிள், உங்களுக்கு உத்தரவு போட்டது யாரு?"

உலகு பகடையை எடுத்து என் முன்னால் வைத்தாள். குரல் மெதுவாக வந்தது.

"உருட்டுங்கப்பா. பதினஞ்சுக்கு மேல விழுந்தா நீங்க பொய் சொல்லலாம், அவ நம்பிருவா. கீழ விழுந்தா உண்மையச் சொல்லணும்."

பகடையைக் கையில் எடுத்தேன். கண்ணில் ஒற்றத் தோன்றவில்லை. உண்மை என்று விழுந்தால் கோமதிக்குக் கொடுத்த வாக்குப் போகும். பொய் என்று விழுந்தால் முருகா என்று சொல்லி உருட்டிய காயை வைத்தே பெற்ற பிள்ளையிடம் பொய் சொல்ல வேண்டும். திரும்பத் தட்டில் வைத்துவிட்டேன்.

"நான் உருட்டல."

"வெளையாட்டுதானப்பா."

"வெளையாட்டுன்னாலும் வேண்டாம்மா."

உலகு தாள்களை அடுக்கினாள். "சரி, காப்பி போடுதேன்" என்று எழுந்து போனாள்.

பஸ் ஸ்டாண்டில்

அன்று சாயங்காலமே தென்காசியில் பெங்களூர் பஸ் ஏறினார்கள். சிநேகிதர்கள் முன்னால் ஏறிவிட்டார்கள். உலகு படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பிக் கேட்டாள்.

"எப்பா, நெசமாவே உங்களுக்கு மேல யாரும் இருந்தாங்களா?"

வண்டி உறுமிக்கொண்டிருந்தது. அப்போது ஒரு 'ஆமாம்' போதும். யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அவளே கண்டுபிடித்திருப்பாள்.

"எல்லாருக்கும் மேல முருகன்தாம்மா" என்றேன்.

"அவரையும் இதுல சேத்துக்கிட்டியளா" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து பாயைச் சுருட்டும்போது அடியில் என் தாள் கிடந்தது. காலியாக இருந்த இடத்தில் உலகு பென்சிலால் எழுதியிருந்தாள். பலவீனம்: சொல்ல மாட்டார்.

அடுத்த வருஷத்திலிருந்து திதியைப் பெங்களூரிலேயே ஒரு கோயிலில் கொடுத்துவிடுகிறாள். என்னை வரச் சொல்லிக் கூப்பிடுவாள், குறை சொல்ல முடியாது. போனால் மூன்றாம் மனிதரை உபசரிக்கிற மாதிரி உபசரிப்பாள். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். "சாப்டியளா?" "சாப்பிட்டேன்." "மழையா?" "சாரல்தான்." அவ்வளவுதான். பின்னால் பகடை தட்டில் உருளுகிற சத்தம் சில நாள் கேட்கும். இப்போது அங்கே உளவுத்துறைத் தலைவர் யார் என்று கேட்க ஆசையாக இருக்கும். கேட்டதில்லை.

அரைத் தம்ளர் அரிசி போட்டால் எனக்கு இரண்டு வேளை ஓடுகிறது. கூடத்தில் விளக்கேற்றிவிட்டு ஃபைலை எடுத்துப் படிப்பேன். விண்கல் சாஸ்தா என்கிற இடத்தில் சிரிப்பு வரும். சிரித்தால் வீட்டில் எதிரொலி கேட்கும்.

வெள்ளைப் பூ

பண்பொழி மலையில் பூக்கட்டிப் பார்ப்பது என் வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சன்னதியில் வைத்து, முன்பின் தெரியாத ஒருவரை எடுத்துத் தரச் சொல்வேன். வெள்ளை வந்தால் சொல்லலாம், சிவப்பு வந்தால் வாயைத் திறக்கக் கூடாது. இதுதான் என் கேள்வி. மூன்று ஆடிக் கிருத்திகைக்குப் படியேறிப் போய்க் கேட்டேன். மூன்று முறையும் சிவப்பு. முருகன் விருப்பம் அது என்று இறங்கி வந்துவிட்டேன்.

இந்த வருஷம் புளியங்குடியிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள் எடுத்துக் கொடுத்தார். பிரித்தேன். வெள்ளை. பிச்சிப்பூ, வாடாமல் இருந்தது. அந்த அம்மாள், "நல்ல காரியமா அண்ணாச்சி?" என்று கேட்டார். "தெரியலம்மா" என்றேன்.

பூ வெள்ளையாக வந்ததால் நான் செய்வது சரி என்று ஆகிவிடாது. சாமி மேல் இன்னொரு முறை பழியைப் போட மாட்டேன். வாக்கை மீறுகிறேன், தெரிந்துதான் மீறுகிறேன். கோமதி போட்ட கணக்கில் ஒன்று தப்பிவிட்டது. நான் இருப்பேன், ராசியாகிவிடலாம் என்றாள். நான் இருக்கிறேன். ராசியாகவில்லை. எனக்கும் வயது ஏறிக்கொண்டே போகிறது.

நேரில் சொல்ல எனக்கு நாக்கு எழாது. போனில் 'சாரல்தான்' என்பதோடு நின்றுவிடும். அதனால் பிரவீன் சொல்லிக்கொடுத்தபடி பொது இடத்தில் வைத்துவிட்டுப் போகிறேன். இந்த வாரப் பத்திரிகைதான் என் பலாமரம். கோமதி வாரம் தவறாமல் இதைப் படிப்பாள். உலகு சின்னவளாக இருக்கும்போது கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால் படித்துக்கொண்டு வருவாள். பெங்களூரில் அவள் கண்ணில் படுமா, தெரியாது.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமை பகடை உருட்டி வீரர் கதை நடத்துகிற தென்காசிப் பெண் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், இதை அவள் கையில் சேர்த்துவிடுங்கள். உள்ளதை உள்ளபடி கொடுங்கள். அப்பா இளைத்துவிட்டார், அப்பா அழுதார் என்று இரக்கப்பட்டு எதையும் கூட்ட வேண்டாம். அம்மாவைச் சொன்னால் வருத்தப்படுவாளே என்று எதையும் குறைக்கவும் வேண்டாம். உத்தரவு போட்டது அவள் அம்மா. அதை மறைத்தது நான். கோபம் வந்தால் அம்மாவைத் திட்ட வேண்டாம், திட்டுவதற்கு மேலகரத்தில் நான் உயிரோடு இருக்கிறேன் என்கிற இந்த வரியையும் விட்டுவிடாமல் சேர்த்துக் கொடுங்கள்.